கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

மலைமேல் இருக்கிற கேத்தியில் மழைக்காலம் வந்தால் உப்பு கரையும், பீரோவுக்குள் இருக்கிற பட்டுப்புடவைகூடப் பூஞ்சை பிடிக்கும். கம்ப்யூட்டரை மட்டும் சும்மா விடுமா? ஈரம் ஏறிவிடுமே என்று ராஜி அதை அணைக்காமல் ராப்பகலாக ஓடவிட்டாள். போதாததற்குக் கம்பளி வேறு போர்த்தினாள். பெட்டிக்குள் சூடு அடைபட்டு, வியாழக்கிழமை காலையில் கருகல் வாடையோடு அது கண்ணை மூடிவிட்டது.

மகள் ஷண்முகப்ரியாவுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி ஆபீசுக்குப் போக வேண்டும். புதிதாக வாங்க வக்கில்லை. மகள் பையில் துணி அடுக்கத் தொடங்கினாள். பெற்றவளே பிள்ளையை ஊரைவிட்டு விரட்டியது போல ஆகிவிட்டதே, சே!

பக்கத்து வீட்டு லோகு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களை, பழைய இரும்புக்காரர்கள் ஓடைக்கரையில் போட்டுச் செம்புக்காக ஒயரை எரிப்பதற்கு முன்னால், கேட்டு வாங்கி வந்து வீட்டில் குவித்து வைத்திருப்பார். அந்த வீட்டைக் குப்பைமேடு என்று ஊரெல்லாம் சொன்னவளே ராஜிதான். இப்போது அதே வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க லோகுண்ணா, எம்புள்ள ஊட்ட உட்டுப் போயிருவாளாட்ட இருக்குதுங்க."

"கம்ப்யூட்டருக்குக் குளுருதுன்னு கம்பளி போத்துனீங்களாமா! காப்பித்தண்ணி குடுக்கலீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார் லோகு. ராஜிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள். காரியம் ஆக வேண்டுமே!

செத்துப்போன மூன்று பெட்டிகளைப் பிரித்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் உயிரோடு ஒன்றைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்துவிட்டார் மனிதர். "வேல முடிஞ்சா அணைச்சுப் போடோணுமுங்க. பகல்ல ஓடுற சூடே ஈரத்துக்குப் போதும். கரண்டும் மிச்சம்" என்றார்.

திங்கட்கிழமை ஷண்முகப்ரியா அதன் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு குட்மார்னிங் சொன்னபோது, அடுப்படியில் நின்ற ராஜிக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே லோகுவிடம் ஓடினாள்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க. நீங்க பண்ணுன ஒதவிய உசுரு இருக்கற வரைக்கும் மறக்கமாட்டேனுங்க."

"அப்ப அந்தக் கருகுன பொட்டியக் குடுங்க. உள்ள பாதி நல்லாத்தான் இருக்குது. கீழ் கோத்தகிரியில ஒரு புள்ள, கம்ப்யூட்டர் இல்லாம திருப்பூருக்குக் கெளம்புறா."

ராஜி வீட்டுக்கு வந்து பெட்டியைத் துடைத்தாள். ஆயுதபூஜைக்கு வைக்கிற மாதிரி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கைப்பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"சீக்கிரம் பூட்டுங்கண்ணா" என்றாள். "அவளப் பெத்தவளுக்குச் சோறு எறங்காது."