வெள்ளம் வந்த வழி

ஜெயஷீலாவின் அத்தை சரசம்மா வாசலில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கழற்ற முடியாது. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"எந்த வழியா வந்தீரு?"

அத்தை பிறந்த செட்டிமார் குலத்தின் கதை பூம்புகாரில் தொடங்குகிறது. அரசன் ஒரு வணிகரின் மகளைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் தெருவே இரவோடு இரவாகக் கிளம்பியது. அன்றைக்கென்று கடலும் பொங்கி வந்து, விட்டுவந்த வீடுகளை விழுங்கியது. தெற்கே வந்து குடியேறிய பிறகும் அரசனின் ஆட்கள் மாப்பிள்ளை வேஷத்தில் கதவைத் தட்டினார்களாம். அதற்காக வைத்த கேள்வி இது. சாலையின் பெயரைச் சொன்னால் ஒற்றன். "வெள்ளம் வந்த வழி" என்றால் நம்மவன். விடையை அப்பாதான் மகனுக்குச் சொல்லித் தரவேண்டும். பெண் வீட்டார் மூச்சு விடக்கூடாது.

ஒற்றர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. கேள்வி மட்டும் போகவில்லை. ஜெயஷீலாவின் அக்காவைப் பார்க்க வந்த ஒருவன் போனை எடுத்து மேப்பைக் காட்டினான். அத்தை அவனைக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

இப்போது ஜெயஷீலாவின் முறை. கரமனை வீட்டின் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வரப்போகிறவன் மஹேஷ். கல்லாற்றில் தேனும் மிளகும் விற்கும் கடை அவனுடையது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் இலைக்குப் பாயசம் வராமல் போனதைப் பார்த்து, பரிமாறியவரைத் திருப்பி அழைத்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவன் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அப்படியானால் விடையை யார் சொல்லித் தந்திருப்பார்கள்? ஜாதகத்தோடு வந்த நம்பருக்குக் காலையில் 'வெள்ளம்' என்று தட்டினாள். அனுப்பத் தைரியமில்லாமல் அழித்தாள்.

கார் வந்து நின்றது. மஹேஷும் அவன் அம்மா பிரேமாவும் இறங்கினார்கள். அவன் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"எந்த வழியா வந்தீரு?"

"விதுரை, நெடுமங்காடு வழி. பேரூர்க்கடையில ஒரே பிளாக்கு."



"சாலைப் பேரு சொல்லியாச்சு" என்று அத்தை உள்ளே திரும்பிச் சொன்னாள். நிலைப்படியை விட்டு நகரவில்லை. ஜெயஷீலாவின் அப்பா தரையைப் பார்த்தார்.

பிரேமா விழித்தாள். "என்ன, வழி தெற்றிப் போச்சா? நாங்க சுத்தியொண்ணும் வரலையே."

"இருக்கட்டும்மா" என்றான் மஹேஷ். பிறகு அத்தையிடம், "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கிட்டுமா?" என்று கேட்டான்.

மலையாளம் புழங்கும் கல்லாற்றில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். அத்தையோ தமிழ் ஊரான கோட்டாற்றில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு வெள்ளம் என்றால் ஆறு கரையை உடைத்து வருவது. தாகத்துக்குக் குடிப்பது தண்ணீர்.

"என்ன கேட்டீரு?"

"வெள்ளம்."

ஜெயஷீலா அடுக்களைக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டாள். கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். பெரியவர்கள் பேசும்போது அவள் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குத் திறந்தாள்.

"வெள்ளம்னு சொல்லியாச்சல்லே, அத்தே."

"அது தாகத்துக்குக் கேட்டது, மக்ளே."

"தாகத்துக்குச் சொன்னா ஆகாதுன்னு பூம்புகார்ல சட்டம் உண்டா?"

அப்பா இருமுவதுபோல் சிரித்தார். அத்தை அவரை முறைத்தாள்.

"வெள்ளம் வந்த வழின்னு முழுசாச் சொல்லணும்லா. பாதிச் சொல்லுக்கு முழுப் பொண்ணா?"

ஜெயஷீலா மஹேஷிடம் செம்பை நீட்டினாள். மஹேஷ் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். அத்தை அவனைப் பார்த்தாள். காலிச் செம்பைப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து வாசல்வரை தரையில் தண்ணீர் சிந்திக் கிடந்தது. விளிம்புவரை மொண்ட செம்போடு ஜெயஷீலா அவ்வளவு வேகமாக வந்திருந்தாள். அத்தை அந்தத் தண்ணீர்த் தடத்தைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு விலகினாள்.

"வெள்ளம் வந்த வழி இதாக்கும். உள்ள வாரும். வழுக்கும், பாத்து."

மஹேஷ் செருப்பைக் கழற்றினான். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நான் இப்ப என்னத்த சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் ஜெயஷீலா.