கழுத்தில் வரைந்த கட்டம்

"அசையாதம்மா, கோடு கோணிக்கும்" என்றாள் எழில்மொழி.

பட்டம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கழுத்தின் இடப்பக்கம், கன்றிக் கறுத்த தோலின் மேல், ஆஸ்பத்திரியில் ஊதா மையால் போட்ட கட்டம் மங்கியிருந்தது. கரண்ட் வைக்க, அதாவது புற்றுக்கட்டியின் மேல் கதிர் பாய்ச்ச, அதுதான் குறி, தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிறகு அதே டாக்டர் எழில்மொழியைத் தனியே கூப்பிட்டு, இனி வைத்துப் பயனில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. மை அழிந்தால் மறுபடி வைக்கமாட்டார்கள் என்று பயந்து பட்டம்மாள் கழுத்தை நனைக்க விடவில்லை. ஆனால் கல்மண்டபம் பகுதியின் வெயிலில் வியர்வையைத் தடுக்க முடியவில்லை. சிடியின் மேல் பெயர் எழுதும் பேனாவால் எழில்மொழி கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம இட்டுகினு போறியா?" குரல் வெறும் காற்றாக வந்தது.

"போலாம்மா."

"வெக்கமாட்டேன்னா நீ பேசு. அது உன்னுதுதான?"

முதல் நாள் கரண்ட் வைக்கும் அறைக்குள் போகப் பயந்து அம்மா அழுதபோது அவள்தான் சொன்னாள்: "இந்த மிஷின்ல வர்றது காமா கதிரும்மா. நான் வானத்துல தேடுறேனே, அதேதான்." அன்றிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் பட்டம்மாள், "எம் பொண்ணோட கரண்டு இது, ஒண்ணியும் பண்ணாது" என்று தைரியம் சொன்னாள்.

எழில்மொழிக்கு அந்தக் கதிர் ஒருமுறைகூட வரவில்லை. நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் திரளாக இருக்கும் இடங்களை அவள் ஆராய்ந்தாள். அவை ஓடும் வேகத்துக்கு எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது. அந்தக் கரும்பொருளின் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் காமா கதிர் வரலாம். செயற்கைக்கோள் அனுப்பிய படத்தில் ஒரு திரளைச் சுற்றி வட்டம் போடுவாள். தெரிந்த ஒளிகளையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பாள். மிச்சம் இருக்காது. அடுத்த திரள். அங்கும் இருக்காது. இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்று மட்டும் எழுதிக்கொடுக்கலாம்.

"கெடச்சுதா உன்னுது?"

"இன்னும் இல்லம்மா."

"நல்ல வேலடி. வராததுக்குச் சம்பளம் குடுக்குறானுங்க."

சிரிப்பு இருமலாக மாறி அவளை உலுக்கியது. அடங்கியதும் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறால் உரித்து உரித்து வெளுத்துப்போன விரல்கள்.

"வானத்துல வர்லன்னா போவுது. எனக்கு ஒரு தபா மட்டும் கேட்டு வாங்கிக் குடு எழிலு. எப்டியாவது."

வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று போய் முடிந்தது.

"பேசிட்டேம்மா. வெக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

பிடி தளர்ந்தது. "அப்ப நல்லா அழுத்திப் போடு. அழியக்கூடாது."

அழுத்திப் போட்டாள். நான்காவது பக்கம் முதல் பக்கத்தைத் தொட்டபோது அம்மா கண்ணை மூடியிருந்தாள். மதியம் சின்னம்மா மலர்க்கொடி கஞ்சியோடு வந்து கூப்பிட்டாள். அம்மா எழவில்லை.

சந்தில் இரண்டு பெண்கள் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். மலர்க்கொடி அழுதுகொண்டே அக்காவின் கழுத்தில் சீயக்காய் தேய்த்தாள்.

"போவுதா பாரு சனியன். எங்கக்கா கழுத்துல இன்னாத்த ஊத்தி வரைஞ்சானுங்களோ, பாவிங்க."

"உடு சின்னம்மா."

"உடவா? இந்தக் கலீஜோடவா அனுப்பறது? ஏய், அந்த மண்ணெண்ணெய எட்தாங்கடி."

"வேணாம் சின்னம்மா. அம்மாக்கு அங்க எரியும்."

மலர்க்கொடியின் கை நின்றது. அவள் எழில்மொழியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

எழில்மொழி துப்பட்டாவால் கழுத்தை மெல்ல ஒற்றித் துடைத்தாள். பிறகு செம்பை எடுத்து, கட்டத்தில் ஒரு துளியும் படாமல், தோளுக்குக் கீழே தண்ணீரை ஊற்றினாள்.