செருப்பு அலமாரியில் ஒரு சர்வர்

அத்தான் மீன் சந்தையில் ஏலம் கூவியவர். அவர் தொண்டையைத் திறந்தால் அடுத்த தெருவில் இருப்பவர்கள்கூடப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். பக்கவாதம் வந்து அந்தத் தொண்டையை அடைத்துவிட்டது. நாம் பேசுவதெல்லாம் புரியும், பதில்தான் வராது. வலது கையும் விளங்கவில்லை.

பார்க்கப் பொறுக்காமல் அவருடைய மச்சினி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், ஒரு செயலி எழுதிக் கொடுத்தாள். டேப்லெட்டில் இடது கையால் எழுத்துகளைத் தட்டினால் அது வாய்விட்டுப் பேசும். அத்தானோ அதில் 'தண்ணி', 'மாத்திரை', 'ஃபேன்' என்பதற்கு மேல் தட்டியதில்லை. சின்னவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

செயலி ஒரு வாடகை சர்வரில், அதாவது வேறொரு நிறுவனத்தின் கணினியில், ஓடியது. அந்த நிறுவனம் ஒரு நாள் காலை கடையைக் கட்டியது, டேப்லெட் ஊமையானது. இனி வாடகை வீடே வேண்டாம் என்று சின்னவள் முன்பே முடிவு செய்திருந்தாள். போன முறை வந்தபோது ஒரு பழைய கணினியை அக்கா வீட்டுச் செருப்பு அலமாரியில் வைத்து, டிவியோடு இணைத்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பியிருந்தாள். செயலிகளை ஏற்றி, ஓட்டி, விழுந்தால் எழுப்பிவிடும் ஒரு மென்பொருள் தளத்தை அதில் நிறுவ வேண்டியதுதான் பாக்கி.

தன் அறையில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாக அதை நிறுவினாள். ஒரே கட்டளை. வரிகள் கடகடவென்று ஓடி, எல்லாம் முடிந்தது என்றது திரை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் ஃபயர்வாலையும் போட்டாள். வெளியிலிருந்து வரும் வழிகளையெல்லாம் அது அடைத்துவிடும். தான் வந்த வழியை மட்டும் விட்டுவை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரை அசையாமல் நின்றது. அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுக்கிற மகாராணி, தன்னையே வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அக்கா ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ், போனை எடுக்க மாட்டாள். வீட்டில் இருப்பது அத்தான் மட்டும்.

"அத்தான், நான்தான். போனை ஸ்பீக்கர்ல போட்டு வைங்க. ஆமான்னா மேசையில ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு. சரியா?"

டொக்.

"டிவியைப் போட்டுட்டு, பக்கத்துல இருக்கிற கீபோர்டை எடுத்துக்குங்க. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்."

டிவித் திரை பெயர் கேட்டது, அடித்தார். அடுத்து பாஸ்வேர்ட். சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு வழியில்லை.

"எல்... ஓ... டி... ஏ..."

டொக் டொக்.

"என்ன, திரையில ஒண்ணுமே வரலையா?"

டொக்.

"வராது அத்தான். பாஸ்வேர்டை அது காட்டாது. நீங்க பாட்டுக்கு அடிங்க. மறுபடியும் எல், ஓ, டி, ஏ... அப்புறம்... ஏ, டி, எச், ஏ, ஏ, என்."

விசைச் சத்தம் நின்றது. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், அவர் காதில் விழாமல் சின்னவள் வைத்த பட்டப்பெயர் அது. லொடலொட அத்தான்.

"அத்தான்? இருக்கீங்களா? கோபமா?"

டொக் டொக்.

"பேரு வெச்சது அக்காதான்," என்று கூசாமல் புளுகினாள்.

டொக் டொக்! மேசையே ஆடியிருக்கும். பிறகு கரகரவென்று ஒரு சத்தம். இருமுகிறார் என்று பதறினாள். இல்லை, சிரிக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

விட்ட எழுத்துகளையும் அடித்து உள்ளே போனார். அவள் சொல்லச் சொல்ல ஃபயர்வாலை நிறுத்தும் கட்டளையை அடித்தார். சின்னவளின் திரைக்கு உயிர் வந்தது. இந்தத் தடவை முதலில் தன் வழியைத் திறந்துவைத்துவிட்டு மற்றதை அடைத்தாள். தளத்தில் செயலியை ஏற்றினாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

"அத்தான், இப்ப டேப்லெட்ல ஏதாவது தட்டிப் பாருங்க. தண்ணின்னாலும் போதும்."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பச்சை விளக்கு எரிகிறதா என்று மறுபடி பார்த்தாள். பிறகு இயந்திரக் குரல் நிதானமாகப் பேசியது.

"ஹலோ. லொடலொட அத்தான் பேசறேன். உங்க அக்கா வரட்டும். உன் மானத்தை ஏலம் விடறேன்."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"விடுங்க அத்தான்," என்றாள். "நல்லா சத்தமா விடுங்க."