இருளப்பனின் சோற்று ஜாடி

1952இல் பாடாங் செராய்க்குப் பக்கத்துச் சூளையில் சுட்ட ஆறு ஜாடிகள் புளியங்கொட்டை அளவில் வெளியே வந்தன. காரணம் எளியது, மண் மிதமிஞ்சி நைசாகிவிட்டது. காட்டில் ஒளிந்து போராடியவர்களை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலம் அல்லவா, கம்பி என்றாலே கம்யூனிஸ்டுகளின் ரேடியோவுக்குத்தான் என்று சோதனைக் கேட்டில் சூளைக்காரர் அய்யூப்பின் கம்பிச் சல்லடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மண் சலிக்கும் செல்லாயி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். கூறைச்சேலையை எட்டாக மடித்துச் சலித்துவிட்டாள்.

"மண்ணு கரடா இருந்தா ஒழுகும், நைசா இருந்தா சுருங்கும். அதுக்காக இப்படியா தங்கச்சி, முகத்துக்குப் போடுற பவுடராட்டம்?" என்று அய்யூப் தலையில் கைவைத்தார்.

ஆனால் சுருங்கியது ஜாடிதான், உள்ளே இருந்த இடம் சுருங்கவில்லை. செல்லாயி ஒவ்வொரு பருக்கையாகப் போட, ஒரு சட்டிச் சோறும் உள்ளே போயிற்று. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று அந்நாளில் ஒரு பிடி சோற்றைக்கூடக் குடியிருப்பு வேலிக்கு வெளியே விடமாட்டார்கள். அவள் புருஷன் இருளப்பன் ரப்பர்த் தோட்டத்தில் வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டி இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தான். மூன்றாம் தடவை எழுந்திருப்பான் என்பது நிச்சயமில்லை. பிடிபட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் தெரியும். இருந்தும் வலது காதில் சோற்றையும் இடது காதில் கருவாட்டுக் குழம்பையும் தோடாக மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.

பாரமும் சுருங்கவில்லை. குழம்பைவிடச் சோறு கனம் என்பதால் தலை வலப்பக்கம் சாய்ந்தது. பதினோரு மாதம் கழித்துத்தான் கேட்டுக் காவலர் ஈசா அதைக் கவனித்தார்.

"அந்தத் தோட்டைக் கழட்டுங்கலா, அக்கா."

கவிழ்த்தார். சோறு அரைமணி நேரம் கொட்டி அவர் பூட்ஸை மூடியது. செல்லாயி அழுதாள். ஈசா ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"தோட்டுக்குள்ள சோறுன்னு எழுதினா, என்னையில்ல தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க?"

விடியற்காலையிலிருந்து அவரும் பட்டினி. இடது காதிலிருந்து கருவாட்டு வாசம் வேறு வந்துகொண்டிருந்தது. 'தோடு, ஒரு ஜோடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் முதல் மூன்றாவது ஜாடி அவர் சட்டையில் பொத்தானாக இருந்தது. அதையும் செல்லாயிதான் தினமும் நிரப்பினாள்.

1960இல் அவசரகாலம் முடிந்து கேட்டைப் பிடுங்கினார்கள். தூக்குச்சட்டிக்குத் தடையில்லை என்றாலும் செல்லாயி தோட்டைக் கழற்றவில்லை, கழுத்தும் பழகிவிட்டிருந்தது. தோடு வந்த பிறகு இருளப்பன் ஒருநாளும் மயங்கி விழவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அவள் காதிலிருந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்று மட்டும் தினமும் சொன்னான்.