ஏழு மணித்தியாலத்துக்கு ஒரு சப்வூஃபர்

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் இருந்தது. வவுணதீவில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின்களைத் திருத்துகிறவன் நான். அடம்பிடிக்கிற மெஷினை இரண்டு தட்டுத் தட்டினால் சில நேரம் ஓடும். மனிதருக்கும் அது சரிவரும் என்று நினைத்திருந்தேன் போல.

என் மனைவி பூரணி பதினைந்து வருடம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் என் உடுப்புகளை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். நாங்கள் இருந்த தேற்றாத்தீவு வீடும் அவளுடையது. சண்டை முற்றினால் வெளியே போகவேண்டியவன் ஆண்தான். பையைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லடியில் ஓர் அறை எடுத்தேன். அதற்கு இப்போது ஆறு வருடம்.

அன்று நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மகள் கம்சாயினிக்கு அப்போது பதினாலு வயது. கைக்குள் அடங்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வைத்திருந்தாள். நான் வேலையால் வந்து படுத்திருந்த மத்தியானம் அதில் பாட்டுப் போட்டாள். குறைக்கச் சொன்னேன், குறைத்தாள். எனக்கு அது போதவில்லை. எழும்பிப் போய் அவள் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தேன். துண்டு துண்டாகப் போயிற்று. அவள் அழவில்லை. சுவரோடு ஒட்டி நின்று என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

ஆறு வருடமாக அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைக்கிறேன். போன் எடுத்தால் படிப்பு, பரீட்சை, காய்ச்சல், மழை என்று எல்லாம் வாயில் வரும். அந்த ஒரு சொல் மட்டும் வராது. இந்த வருடம் அவளுக்குக் கனடாவில் படிக்க விசா கிடைத்தது. போவதற்கு முந்தின வாரம் அவளே போன் எடுத்தாள்.

"அப்பா, எயார்போட்டுக்கு நான் உங்கட கார்ல வாறன். அம்மாவும் ரதீஸ் மாமாவும் வேன்ல வருவாங்க. ஓமா?"

ஓம், ஓம் என்று இரண்டு தரம் சொன்னேன். எயார்போட் இருக்கிற கட்டுநாயக்காவுக்கு ஏழு மணித்தியாலம். நானும் அவளும் மட்டும். ஏழு மணித்தியாலத்தில் ஊமைக்குக்கூடப் பேச்சு வந்துவிடும் என்று நினைத்தேன். அவளுக்குப் பிடித்த பாட்டுகளை அனுப்பச் சொன்னேன். முப்பத்தொரு பாட்டு அனுப்பினாள்.

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த சின்னக் கார். அதோடு வந்த செட்டில் பாட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ இருமுகிற மாதிரி இருக்கும். காத்தான்குடியில் கார்களுக்குச் செட் பூட்டுகிற நௌஷாட்டிடம் கொண்டுபோனேன். அதிர அடிக்கிற ஸ்பீக்கர், சப்வூஃபர் ஒன்று வேண்டும், நல்ல பெரிதாக வேண்டும் என்றேன். நான் உடைத்ததைவிடப் பெரிதாக என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நௌஷாட் ரேடியோவைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தான். "செட்ட மாத்தத் தேவல்ல அண்ணன். பின் ஸ்பீக்கர் வயர்ல இருந்து லைன் எடுத்து, சத்தத்தக் கூட்டுற அம்ப் ஒண்டு வெச்சி சப்வூஃபருக்குக் குடுப்பம். சீட்டுக்குக் கீழ வைக்கிற மெல்லிசு ஒண்டும் இரிக்கி. அதப் போட்டா இடம் மிச்சம்."

"எது நல்லாச் சத்தம் வரும்?"

"பெட்டிதான். ஆனா பெட்டி வெச்சா டிக்கி முழுக்கப் போயிடும். சாமான் ஏத்துற ஆளா நீங்க?"

"நானும் மகளுந்தான் தம்பி. பெட்டியையே பூட்டு."

கனடாவுக்குப் போகிற பிள்ளை கையை வீசிக்கொண்டா போகும்? அது என் மண்டையில் ஏறவே இல்லை. அவளை நினைத்தேன், அவளுடைய சாமானை நினைக்கவில்லை. நௌஷாட் பற்றரியிலிருந்து தடித்த வயர் ஒன்றை உள்ளே இழுத்து, பெட்டியை டிக்கியில் வைத்து நாலு ஆணி முறுக்கிப் பூட்டினான். அவள் அனுப்பிய முதல் பாட்டைப் போட்டான். கண்ணாடி அதிர்ந்தது. நெஞ்சுக்குள் யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போலிருந்தது. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மகளுக்கு விருப்பமா இரிக்கும் அண்ணன்," என்றான் நௌஷாட்.

போகிற நாள் காலை பத்து மணிக்குத் தேற்றாத்தீவு வாசலில் காரை நிறுத்தினேன். சவரம் செய்து, புதுச் சேட் போட்டிருந்தேன். பெண் பார்க்கப் போகிறவனும் அவ்வளவு பயந்திருக்க மாட்டான். கம்சாயினி ஓடி வந்து காரின் முன் சீட்டில் தன் கைப்பையை வைத்தாள். அந்தப் பையைப் பார்த்ததுமே எனக்கு நிறைவாக இருந்தது. பாட்டை உடனே போடவில்லை. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது போட்டுக் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

பூரணியின் தம்பி ரதீஸ் இரண்டு பெரிய சூட்கேஸ்களை உருட்டிக்கொண்டு வந்து டிக்கியைத் திறந்தான். திறந்தவன் சிரித்தான்.

"அத்தான், இதென்ன, திருவிழாவுக்கா போறீங்க? இதுக்குள்ள ஒரு சொப்பிங் பேக்கும் வைக்க ஏலாதே!"

வேனுக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. "பரவாயில்ல, வேன்ல போடுவம். மகள் உங்களோட வரட்டும்," என்றுதான் அடுத்துச் சொன்னான். அது எனக்குக் கேட்டது. கேட்டும் என்ன? சிரிப்பு என் தலைக்குள் போய் இருந்துவிட்டது.

"என்ட மகள்ட சாமான் என்ட கார்லதான் போகும்," என்றேன்.

"அப்பா, விடுங்க. வேன்லயே போகட்டும்," என்றாள் அவள்.

"நீ சும்மா இரி!"

ஆணியைக் கழற்ற ஸ்குரூடிரைவர் முன் சீட்டுக்குக் கீழே கிடந்தது. அதை எடுக்கும் பொறுமை எனக்கு எங்கே? காலை வைத்து உதைத்தேன். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுத்தேன். பலகை பிளந்தது. வயர் அறுந்து காரின் தகட்டில் பட்டு நெருப்புப் பொறி பறந்தது. யாரோ பயந்து கத்தினார்கள். பெட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அது உருண்டு போய்த் தென்னை அடியில் கவிழ்ந்தது. என் கையால் இரத்தம் ஓடியது.

"டிக்கி காலி!" என்றேன். மூச்சு வாங்கியது. "இப்ப வைங்க பாப்பம்!"

சிரித்தவர்கள் எல்லாரும் வாயை மூடிவிட்டார்கள். எனக்குள் ஏதோ வென்றுவிட்ட மாதிரி இருந்தது. மகளைத் தேடித் திரும்பினேன். அவள் மதிலோடு ஒட்டி நின்றாள். பதினாலு வயதில் எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள்.

அப்போதுதான் எனக்குக் கண் தெரிந்தது. காரின் பின் சீட்டும் தெரிந்தது. ஒரு துரும்பும் இல்லாமல் முழுக்கக் காலியாகக் கிடந்தது. இரண்டு சூட்கேஸும் அதில் தாராளமாக இருந்திருக்கும்.

ரதீஸ் சூட்கேஸ்களை வேனுக்கு உருட்டிக்கொண்டு போனான். பூரணி தண்ணீரும் ஒரு துணியும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள்.

கம்சாயினி காரின் முன் கதவைத் திறந்து தன் கைப்பையை எடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்து, துணியை நனைத்துத் துடைத்துக் கட்டிவிட்டாள். முடிச்சைப் போட்டபின்தான் பேசினாள்.

"அப்பா, நான் வேன்ல வாறன்."

"சாமானப் பின் சீட்டுல வைக்கலாம் புள்ள. இப்பதான் பார்த்தன்."

"சாமானுக்கில்ல அப்பா." அவளுடைய குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியது. "ஏழு மணித்தியாலம் உங்களோட தனிய வர எனக்குப் பயமா இரிக்கி. வரணும் எண்டு மனசத் தேத்தித்தான் கேட்டன். ஏலா அப்பா."

மெஷின் வேலையில் என் விரல் ஒன்று நசுங்கியிருக்கிறது. அது வலி என்று அன்றுவரை நினைத்திருந்தேன். நான் பெற்ற பிள்ளை, இருபது வயதுப் பிள்ளை, என்னோடு காரில் வரப் பயப்படுகிறது. உலகத்தின் மற்றத் தொங்கலுக்குத் தனியே போகப் பயப்படாத பிள்ளை.

நேரமாகிறது என்று வேனுக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். பின்னால் நானும் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அவள் வேனில் ஏறி ஓர இருக்கையில் அமர்ந்தாள். கதவில் கையை வைத்தபடி, சாத்தாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரதீஸ் வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். அவள் அப்போதும் கதவைச் சாத்தவில்லை.

மன்னிச்சிரு மகள் என்று சொல்ல ஏழு மணித்தியாலமா வேண்டும்? அவள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அதற்கு எத்தனையோ மடங்கு காணும். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. எனக்குத் தெரியும், வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்போட் எடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.