இரண்டு டிகிரி முன்னதாக

பின்கட்டில் உறவுக்காரர்கள் சிவராஜைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அவன் மனைவி துர்காதேவியின் கையிலிருந்த அவனுடைய போன் அடித்தது. ஒரகடம் ஆபீசிலிருந்து கிறிஸ்டோபர், சிவராஜின் கீழே வேலை செய்கிற எஞ்சினியர்.

"மேடமா? சார் மதியம் வர்றேன்னாரு, இன்னும் காணோம். எஞ்சின் தட்டுது மேடம். ரெண்டு டிகிரி முன்னாடியே எரிஞ்சிக்கினு இருக்குது."

ஆபீசுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விடியற்காலையில் பல் தேய்க்கப் போனவன் வாஷ்பேசினடியில் சரிந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வரும்போதே உயிர் இல்லம்மா" என்றார். நாற்பத்தொரு வயது. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவன். அவள் இன்னும் அழவில்லை. பிள்ளையார்பாளையம் தெருவில் தறிகளெல்லாம் நின்றுபோயிருந்தன.

மூன்று வருஷமாக அவளும் சிவராஜும் சேர்ந்து செய்த வேலை அந்த எஞ்சின். ஸ்பார்க் பிளக் இல்லாமல், அழுத்தத்தில் பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்கிற எஞ்சின். 'இப்போது பற்று' என்று அதற்கு உத்தரவு போட முடியாது. போன சுற்றில் மிஞ்சிய சூட்டை வைத்து, அடுத்தது எஞ்சின் தண்டு எத்தனையாவது டிகிரி சுழலும்போது எரியும் என்று அவர்கள் எழுதிய மாடல் முன்கூட்டியே சொல்லும். அதற்கேற்ப வால்வு மூடும். முழு பாரத்தில் இன்றுதான் முதல் ஓட்டம்.

"சிலிண்டர் சுவரோட சூட்டை மாடல் கம்மியா எடுத்துக்குது," என்றாள். குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. "அந்தச் சூட்டைப் பத்து டிகிரி ஏத்திப் போடுங்க."

"சாரை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"அவரு குளிச்சிக்கினு இருக்காரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. போனில் கொஞ்ச நேரம் டொக்டொக்கென்ற சத்தம். மெல்ல அது அடங்கி, சீரான உறுமலாயிற்று.

"செட் ஆயிடுச்சு மேடம்! ஒரு சுத்துகூடத் தப்பல. சார்கிட்ட போனைக் குடுங்க, ப்ளீஸ்!"

மாமியார் காமாட்சியம்மாள், "கண்ணைத் தொறடா என் ராசா!" என்று பெருங்குரலெடுத்தாள்.

"மேடம்... அங்க என்ன?"

"காலைல போயிட்டாரு, கிறிஸ்டோபர்."

மறுமுனையிலிருந்து, கேட்டும் கேட்காமலும், "நிறுத்திடறேன் மேடம்."

"வேணாம். இன்னும் அரை மணி நேரம் ஓடணும். ஓடட்டும்."

போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு இறங்கினாள். அதற்குள் யாரோ அவசரமாகத் துவட்டி முடித்திருந்தார்கள். காது மடலுக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் நின்றிருந்தது. மாமனாரின் தோளிலிருந்த துண்டை வாங்கி, குனிந்து, அங்கே துடைத்தாள்.