அத்திப்பள்ளியில் எடுத்த படம்

என் வேலை ஓசூரில் ஒரு பைக் கம்பெனி லைனில் பெட்ரோல் டேங்கைப் பார்ப்பது. பெயிண்ட் காய்ந்து வரும் டேங்குகளைத் திருப்பித் திருப்பி, கீறல் இருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். டேங்க் பளபளவென்று இருப்பதால் நாள் முழுக்க அதில் தெரிவது என் மூஞ்சிதான். சிவப்பு டேங்கில் சிவப்பு சுசித்ரா, நீல டேங்கில் நீல சுசித்ரா. வார விடுமுறையான புதன்கிழமையாவது வேறு யார் முகத்தையாவது பார்க்க வேண்டாமா? அப்படித்தான் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி, கேட்டு, ஒரே ஒரு படம் எடுப்பேன். பிடித்திருந்தால் அடுத்த புதன் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன். பெயர் கேட்க மாட்டேன், போன் நம்பர் வாங்கவே மாட்டேன். ஓசூர் தெருவில் எடுத்தால் சிப்காட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், லைனில் மானம் போகும். அதனால் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விடுவேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கர்நாடகா வந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் போட்டோ கேட்பதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் வார்த்தையை அவரவர் பாஷையில் கேட்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு எதுவாக இருந்தாலும் தன் பாஷையைக் கேட்டதும் முகம் இளகிவிடும். மாற்றிக் கேட்டுவிட்டால் ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்வார்கள். முகத்தைப் பார்த்தே பாஷையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குத் திமிர். லைனில் என் பக்கத்தில் நிற்கும் குல்ஷன்கூட, "நீ ஜோசியம் பாக்கப் போடி, இந்த வேல எதுக்கு உனக்கு?" என்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை, அத்திப்பள்ளி பேக்கரி ஓரம் அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் கன்னடப் பேப்பர். வேர்க்கடலை மடித்து வந்த தாள்தான், ஆனாலும் பத்திரமாக விரித்து வைத்திருந்தான். போதாதா எனக்கு? நேராகப் போய், "ஒந்து போட்டோ தெகிலா?" என்றேன்.

அவன் திகைத்து, பிறகு சிரித்தான். சிரித்தால் அவனுக்கு இடது கண் மட்டும் சுருங்கும். "தெகீரி," என்றான், எடுங்கள் என்று. பேப்பரைப் படிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லி சைகை காட்டினேன். படமே இல்லாத பொடி எழுத்துப் பக்கம் அது. அதை முகத்துக்கு நேராகப் பிடித்து, மேலாக என்னைப் பார்த்தான். எடுத்தேன்.

அடுத்த புதன் பிரிண்ட் கொடுக்கப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தான். அதற்கடுத்த புதன் கொடுக்க எதுவும் இல்லை, ஆனாலும் போனேன். பெயர் மூர்த்தி என்றான். நான் சுசித்ரா என்றேன். பெயர் கேட்பதில்லை என்ற என் சட்டம் அங்கேயே கவிழ்ந்தது. இரண்டு பெயருமே எந்த மாநிலத்து ரேஷன் கார்டிலும் பொருந்தும் பெயர். ஊர் கேட்டதற்கு "ஓசூரு" என்றான். நானும் "ஓசூரு" என்றேன். இங்கே யாரைக் கேட்டாலும் ஓசூர் என்றுதான் சொல்வார்கள். ஓசூரிலேயே பிறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் கன்னடம் லைனில் பொறுக்கியது. "ஊட்ட ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரிக்கலாம், "மளெ பருத்தெ" என்று மழை வருவதைச் சொல்லலாம். அதற்கு மேல் ஏறினால் மூச்சு வாங்கும். புரியாத இடத்தில் சிரித்துவிட்டு "ஆய்து" என்பேன். ஆச்சு என்று அர்த்தம். எல்லாக் கேள்விக்கும் ஏதோ ஒரு விதத்தில் பொருந்திவிடும். அவனும் மெதுவாக, நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவான். எனக்குப் புரியட்டும் என்று பொறுமையாகப் பேசுகிறான், எவ்வளவு நல்ல மனசு என்று உருகிப்போவேன். அவனும் அடிக்கடி சிரித்துக்கொண்டு "ஆய்து" என்பான். ஒரு தடவை சூடான டீ கையில் கொட்டிவிட்டது. "அம்மா!" என்று கத்தினான். அதுவும் இரண்டு பாஷைக்கும் பொது.

எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. தமிழில் நான் வாய் திறந்தால் எதிராளி ஓட வேண்டும், அப்படிப்பட்ட வாய் என்னுடையது. அவன் சட்டையைக் கிண்டல் செய்ய, தாமதமாக வந்தால் சண்டை போட, ஏன் இந்த வாரம் முகம் வாடியிருக்கிறது என்று கேட்க, எவ்வளவோ இருந்தது. எல்லாம் தொண்டைவரை தமிழில் வந்து, கன்னடம் கிடைக்காமல் திரும்பிப் போகும். கடைசியில் மறுபடியும் சாப்பாட்டைத்தான் விசாரிப்பேன். ஒருவனை இவ்வளவு நினைத்துக்கொண்டு இவ்வளவு சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசியவள் நானாகத்தான் இருப்பேன். அவன் என் நம்பரைக் கேட்கவில்லை. கேட்காத பிள்ளை என்று முதலில் பெருமையாக இருந்தது. போகப் போக, கேட்டால்தான் என்ன என்று எரிச்சலாக இருந்தது.

தீபாவளி முடிந்த பிறகு ஒரு புதன், அவன் வேலை செய்யும் லைனையே கம்பெனி பூனாவுக்கு மாற்றுகிறது என்றான். அடுத்த புதன் பெங்களூர் போய் ரயில் ஏற வேண்டும். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொன்னேன்? "ஆய்து."

அந்த வாரம் டேங்குகளில் தெரிந்த என் மூஞ்சியை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. கீறல் விழுந்த ஒன்றை அனுப்பிவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குல்ஷனிடம் விஷயத்தைச் சொன்னேன். போட்டோவைக் காட்டச் சொன்னாள். வெட்கமாக இருந்தது, காட்டவில்லை. "போவாதீங்கன்னு கன்னடத்துல அழகா எப்பிடிடி சொல்றது?" என்று மட்டும் கேட்டேன்.

குல்ஷன் ஆனேக்கல் பக்கம் கன்னடத்தில் படித்தவள், பள்ளியில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போனவள். "ஹோகபேடி அப்டின்னா சப்புனு இருக்கும்டி. வாழ்நாள்ல ஒரு தடவ சொல்றது, கெத்தா சொல்லு," என்று ஒரு வாக்கியம் கொடுத்தாள். உங்கள் பிரிவை என்னால் தாங்க முடியாது என்று அர்த்தமாம். டேங்கைத் துடைத்துக்கொண்டே அந்த வாரம் முழுக்க மனப்பாடம் செய்தேன்.

கிளம்புகிற புதன் அவன் ஒரு பையோடு வந்தான். டீ குடித்தோம். மழை இல்லாததால் அதைப் பற்றியும் பேச முடியவில்லை. பெங்களூர் பஸ் தூரத்தில் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"நிம்ம அகலிகெயன்னு நானு சஹிசலாரெ."

கண்ணைத் திறந்தேன். மூர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தான். இடது கண் சுருங்கியது. "ஆய்து, ஆய்து," என்றான்.

அவ்வளவுதான். தாங்க முடியாது என்கிறேன், சரி சரி என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் பையைப் பிடுங்கி ரோட்டில் எறிந்திருப்பேன். அழுகை முந்திக்கொண்டதால் எறியவில்லை. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன். அவன் போன் அடித்தது.

"ஏறிட்டேம்மா," என்றான். "மொச்சக்காய் வித்துச்சா? நீ சிங்காரப்பேட்ட பஸ் ஸ்டாப்புலயே இரு, சித்தப்பா வந்து கூட்டிக்கினு போவாரு. ஆங்... சாப்ட்டம்மா." பிறகு சொன்னான். "இங்க யாரும்மா இருக்காங்க எனக்கு, போவாதன்னு சொல்றதுக்கு?"

தமிழ். எங்கள் பக்கத்துத் தமிழ். எங்கள் வீட்டில் எப்படிப் பேசுவோமோ அப்படி. பர்கூரில் என் வீட்டிலிருந்து அவன் ஊருக்குப் போக ஒரு பொழுதுகூட ஆகாது.

பஸ் நகர்ந்தது. பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஓடினேன். கத்தவும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. "மூர்த்தி, நில்லி! நில்லி!" என்றுதான் கத்தினேன். அவனைப் பார்த்தாலே கன்னடம் வந்து பழகிய வாய். அவன் போனைக் காதில் வைத்தபடி திரும்பி, கையாட்டினான். பஸ் மேம்பாலத்தில் ஏறிவிட்டது.

மறுநாள் கேன்டீனில் குல்ஷனிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு கணம் பார்த்தாள். சோற்றில் இருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுசி, பேப்பர் தலகீழா இருக்குதுடி."

வாங்கிப் பார்த்தேன். எனக்கு எப்படி இருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. முடியளவு கீறலையும் கண்டுபிடிக்கிற கண் என்று பெயர் வாங்கியவள் நான். நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று தெரியாத ஒரு தாளை, அதே போலத் தெரியாத ஒருவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கன்னடக்காரன் என்று படம் பிடித்திருக்கிறேன். குல்ஷன் சிரிக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த புதன் அத்திப்பள்ளிக்குப் போகவில்லை. கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து திருவண்ணாமலை பஸ் பிடித்து, ஊத்தங்கரை தாண்டி சிங்காரப்பேட்டையில் இறங்கினேன். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவன் படத்தைக் காட்டி வீடு எது என்று கேட்டால் நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டைப் பற்றி ஊரே பேசும். அதனால் எப்போதும் செய்வதையே செய்தேன். எதிரே வந்தவர்களை நிறுத்தி, தமிழிலேயே கேட்டு, ஒவ்வொரு முகமாக எடுத்தேன். ஒருவருக்கு அவன் நெற்றி இருந்தது. இன்னொருவருக்குக் காது. ஊரில் பாதிப் பேரிடம் அவன் கொஞ்சம் கொஞ்சம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஏங்கிப்போன கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது.

பஸ் ஸ்டாப் ஓரம் ஒரு அம்மா சாக்கை விரித்து மொச்சைக்காயைக் குவித்து, உரித்துக்கொண்டிருந்தார். "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்றேன். நிமிர்ந்து சிரித்தார். இடது கண் சுருங்கியது.

"எடுத்துக்க கண்ணு. எம் பையனயும் இப்பிடித்தான் ஒரு பொண்ணு போட்டோ புடிச்சுக் குடுத்துச்சு, ஓசூருப் பக்கம். கன்னடக்காரப் பொண்ணாம்." காயை உரித்துக்கொண்டே பேசினார். "அது மேல அவனுக்கு ஒரு இது. போறப்பகூட அது என்னமோ சொல்லுச்சாம், இவனுக்கு ஒரு எழவும் புரியலயாம். நம்ம பாஷ தெரியாத பொண்ணாச்சே, எப்பிடிம்மா கேக்கறதுன்னு போன்ல அழுவறான். கேட்டாத்தான் என்ன? வந்தா நான் கத்துக்க மாட்டனா கன்னடம்? கூறு கெட்டவன். இப்ப வெள்ளிக்கெழம அவனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம்."

கேமராவுக்குள் அந்த அம்மாவின் முகம் கலங்கித் தெரிந்தது. லென்ஸில் கோளாறு இல்லை. பட்டனை அழுத்தினேன்.

"என்ன கண்ணு, எடுத்தாச்சா?"

"ஆய்து," என்றேன்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்த அம்மா முதலில் கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. கையில் இருந்த காயைக் குவியலில் போட்டுவிட்டு, சாக்கின் ஓரத்தைத் தட்டி எனக்கு இடம் செய்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

ஓசூர் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"பர்கூருங்கம்மா," என்றேன்.